லுண்டுக் காட்டுப் பிந்தாங்கோர் மரமும் அதன் பெயர்ச்சீட்டும்



“காடு ஒரு மருந்துக் களஞ்சியம்” என்னும் தொடரை நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் கட்டுரை ஏடுகளில் ஆண்டுதோறும் படித்து வருகிறேன். காடுகளைக் காப்பது பற்றி எழுதச் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் இத்தொடரை எழுதிவிடுவர். தொடரில் பிழையில்லை. ஆனால், களஞ்சியம் என்றவுடன் கதவைத் திறந்து வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பிள்ளைகளின் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. ஒரு செடியிலிருந்து ஒரு மருந்து எப்படி வருகிறது, எத்தனை கைகளைக் கடந்து வருகிறது, சில வேளைகளில் ஏன் வராமலே போகிறது என்பதை நாம் வகுப்பில் சொல்வதில்லை. சொல்வதற்கு மிகப் பொருத்தமான வரலாறு ஒன்று நம் நாட்டிலேயே, சரவாக் மாநிலத்தில் நடந்திருக்கிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1960 முதல் 1982 வரை ஏறத்தாழ 35,000 தாவர மாதிரிகளின் சாறுகளைச் சோதித்துப் பார்த்தது. அத்தனை பெரிய முயற்சியில் மருத்துவமனை வரை வந்து சேர்ந்த பெரும் பயன்கள் இரண்டே. ஒன்று, பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்த டாக்சால். மற்றொன்று, சீனத்து மரம் ஒன்றிலிருந்து கிடைத்த கேம்டோதெசின். அதன் வழிப்பொருள்கள் பின்னாளில் மருந்தாயின. 35,000-க்கு இரண்டு! களஞ்சியம் என்று எழுதும் மாணவனுக்கு முதலில் சொல்ல வேண்டிய கணக்கு இது.

1986-இல் அக்கழகம் மீண்டும் சேகரிப்பைத் தொடங்கியது. இம்முறை அதன் பார்வை வெப்பமண்டலக் காடுகளின் பக்கம் திரும்பியது. ஆப்பிரிக்காவையும் மடகாஸ்கரையும் மிசௌரி தாவரவியல் பூங்கா ஏற்றது. நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் நியூயார்க் தாவரவியல் பூங்கா ஏற்றது. நம் தென்கிழக்காசியப் பகுதி, சிக்காகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர்னால்ட் மரத்தோட்டம் அதற்குத் துணை நின்றது. அந்த மரத்தோட்டத்தின் தாவரவியலாளர் ஜான் பர்லி, சரவாக் வனத்துறையினரின் உதவியோடு, 1987-இல் லுண்டு வட்டாரத்துச் சதுப்புக் காட்டில் மாதிரிகள் திரட்டினார். கூச்சிங்கிற்கு மேற்கே, கடலை ஒட்டிய ஊர் லுண்டு. அங்கே அவர் மாதிரி எடுத்த மரங்களுள் ஒன்று பிந்தாங்கோர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மரத்தை யாரும் “இது மருந்து மரம்” என்று காட்டிக்கொடுக்கவில்லை. ஊர் மருத்துவர் சொல்லவில்லை. பழங்குடியினரின் மருத்துவ அறிவைக் கேட்டுச் சென்றதும் இல்லை. கண்ணில் பட்ட இனங்களையெல்லாம் வரிசையாகத் திரட்டும் முறையில் எடுக்கப்பட்ட மாதிரி அது. கிளைக்குச்சிகளும் காய்களும் உலர்த்தப்பட்டு ஒரு பையில் கட்டப்பட்டன. அதே மரத்தின் இலையும் காயும் கொண்ட சிறு கொப்பு ஒன்று, தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தப்பட்டது. அதனோடு ஒரு பெயர்ச்சீட்டு இணைக்கப்பட்டது. எடுத்தவர் யார், எந்த நாள், எந்த இடம், எவ்வகை நிலம், மரத்தின் தோற்றம் எப்படி, பைக்குரிய எண் என்ன என்பன போன்ற விவரங்கள் அச்சீட்டில் இருக்கும். பை ஆய்வுக்கூடத்திற்குப் போகும். தாளில் ஒட்டிய கொப்பு, சான்று மாதிரியாக உலர்தாவரச் சேகரிப்பு நிலையத்திற்குப் போகும். இந்த வரலாற்றில் கதாநாயகன் யார் என்று என்னைக் கேட்டால், மரத்தையும் சொல்ல மாட்டேன். விஞ்ஞானியையும் சொல்ல மாட்டேன். அந்தப் பெயர்ச்சீட்டையே சொல்வேன்.

அது எய்ட்ஸ் நோயின் அச்சம் உலகை ஆட்டிக்கொண்டிருந்த காலம். முதல் மருந்தாகிய ஏ.இசட்.டி.க்கு அமெரிக்கா அனுமதி வழங்கியதும் அதே 1987-இல்தான். அம்மருந்தை மட்டும் தனித்துக் கொடுத்தால் நோய்க்கிருமி விரைவில் உருமாறி அதற்கு அடங்காமல் போய்விடும் என்பதும் தெரியத் தொடங்கியது. ஆகவே, புற்றுநோய்க்காகத் திரட்டப்பட்ட சாறுகளை எச்.ஐ.வி. கிருமிக்கு எதிராகவும் சோதித்தனர். சோதனையின் அடிப்படை எளியது. மனித இரத்த வெள்ளணுக்களின் வகையைச் சேர்ந்த உயிரணுக்களைச் சிறு சிறு குழிகளில் வளர்ப்பர். அவற்றில் கிருமியை விட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு சாற்றைச் சேர்ப்பர். சில நாள் கழித்து ஒரு சாயத்தை இடுவர். உயிரோடிருக்கும் அணு அச்சாயத்தின் நிறத்தை மாற்றும். செத்த அணு மாற்றாது. நிறம் மாறிய குழியில் ஏதோ ஒன்று அணுக்களைக் காத்திருக்கிறது என்று பொருள். பிந்தாங்கோர் குழியில் நிறம் மாறியது.

‘ஏதோ ஒன்று’ என்றேன் அல்லவா? ஒரு தாவரச் சாற்றில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். காத்தது எது? இதைக் கண்டறியும் முறையை நம் வகுப்பறையிலேயே ஒருவாறு காட்டலாம். வெண்கட்டியின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே கறுப்பு மைப்பேனாவால் ஒரு பொட்டு வைத்து, அடிமுனையை மட்டும் நீரில் நிறுத்துங்கள். நீர் மேலேறும்போது கறுப்பு மை நீலமாகவும் ஊதாவாகவும் மஞ்சளாகவும் பிரிந்து வெவ்வேறு உயரத்தில் நிற்கும். ஒன்றாகத் தெரிந்த கறுப்பு, உண்மையில் பலவற்றின் கலவை. வேதியியலாளர்களும் சாற்றை இதே கருத்தின்படி பல பகுதிகளாகப் பிரிக்கின்றனர். பிரித்த ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் கிருமிக் குழியில் இடுகின்றனர். எந்தப் பகுதி அணுக்களைக் காக்கிறதோ அதை மட்டும் எடுத்து மறுபடியும் பிரிக்கின்றனர். மோப்பம் பிடித்துச் செல்லும் நாயைப்போல, காக்கும் ஆற்றல் எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே போகின்றனர். இறுதியில் தனித்தனிப் பொருள்கள் கைக்கு வருகின்றன.

யோயெல் காஷ்மனும் மைக்கேல் பாய்டும் அவர்தம் குழுவினரும் இவ்வாறு எட்டுப் புதிய பொருள்களைப் பிரித்தெடுத்தனர். 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். எட்டும் கௌமரின் என்னும் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மரத்தின் அறிவியற்பெயர் கலோபில்லம் லனிகெரம் என்பதால் முதன்மைப் பொருளுக்குக் கலனோலைடு ஏ என்று பெயரிட்டனர். 1000 லிட்டர் நீருக்கு 40 மில்லிகிராமுக்கும் குறைவு என்னும் செறிவிலேயே அது பாதி அளவுக்குக் காப்பளித்தது. ஏ.இசட்.டி. மருந்துக்கு அடங்காத கிருமி வகையையும் அது அடக்கியது. எச்.ஐ.வி. கிருமி தன் மரபுச் செய்தியை நம் அணுவுக்குப் புரியும் எழுத்தில் பெயர்த்தெழுத ஒரு நொதியை வைத்திருக்கிறது. கலனோலைடு அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு பெயர்த்தெழுதும் வேலையை நிறுத்திவிடுகிறது. ஆனால் எச்.ஐ.வி.-யின் இரண்டாம் வகைக் கிருமியிடம் அது செல்லவில்லை. அந்த வகையின் நொதி சற்றே வேறு.

இனிதான் வரலாற்றின் கடினமான பகுதி வருகிறது.

முதல் மாதிரியில் கிடைத்த கலனோலைடு, மேற்கொண்டு ஆராயப் போதுமானதாக இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் சுயார்த்தோவும் அவர்தம் குழுவினரும் 1990-களின் தொடக்கத்தில் மீண்டும் சரவாக் சென்றனர். பெயர்ச்சீட்டில் குறித்திருந்த இடத்தைத் தேடிப் போனபோது மரம் அங்கே இல்லை. வெட்டப்பட்டிருந்தது. அருகில் வேறிடங்களில் இருந்த அதே இன மரங்களிலிருந்து மாதிரி எடுத்து வந்தனர். அவற்றில் கலனோலைடு ஏ மிக மிகச் சிறிதளவே இருந்தது.

இந்தச் செய்தியைச் சிலர், “எய்ட்ஸ் நோய்க்கு மருந்தான மரம் உலகிலிருந்தே அழிந்துவிட்டது” என்று எழுதியும் பேசியும் வருகின்றனர். மாணவர் பேச்சுப்போட்டிகளிலும் கேட்டிருக்கிறேன். கண்ணீர் வரவழைக்க ஏற்ற செய்திதான், ஆனால் உண்மையன்று. வெட்டப்பட்டது ஒரு மரம், இனம் அழியவில்லை. உண்மை இதைவிட ஆழமானது என்பது என் எண்ணம். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு மரங்கள் உள்ளே வைத்திருக்கும் வேதிப்பொருள்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மண், பருவம், வயது, மரத்தின் மரபு எல்லாம் அதை மாற்றும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளே ஒன்றாக இருப்பதில்லையே! ஆகவே, “இந்த இனம் வேறெங்கோ இருக்கிறது, இங்கே வெட்டினால் என்ன?” என்று கேட்பவருக்கு இந்த லுண்டு மரம் போதிய விடை.

பெயர்ச்சீட்டின் பெருமை இங்கேதான் வெளிப்பட்டது. சான்று மாதிரியை உற்று நோக்கி, அது அந்த இனத்தின் எந்த உள்வகை என்பதைத் தாவரவியலாளர்களால் வரையறுக்க முடிந்தது. எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாயிற்று. அந்த உள்வகை மரம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் கிடைத்ததென்றும், ஆங்கிலேயர் காலத்தில் அங்கே நட்டு வைத்தது என்றும் பல நூல்கள் சொல்கின்றன. மறுபுறம், சரவாக் காடுகளில் பிந்தாங்கோரின் உறவு மரங்களையும் வரிசையாகச் சோதித்தனர். அவற்றுள் கலோபில்லம் டெய்ஸ்மன்னி என்னும் மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பாலில் கோஸ்டாடோலைடு என்னும் நெருங்கிய உறவுப்பொருள் நிறைந்திருந்தது. உலர்த்திய பாலில் 20 முதல் 30 விழுக்காடு! ஆற்றல் கலனோலைடு ஏ-யை விடக் குறைவு. ஆனால் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பட்டையில் சிறு கீறல் போதும்.

பட்டையைக் கீறிப் பாலெடுப்பது என்றதும் நம்மவர்களுக்கு வேறொரு நினைவு வராமல் போகாது. 1877-இல் ரப்பர்க் கன்றுகள் வந்திறங்கியது இதே சிங்கப்பூர்ப் பூங்காவில்தான். மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பாலெடுக்கும் முறையை அங்கே செம்மைப்படுத்தியவர் அதன் இயக்குநராக இருந்த ரிட்லி. அந்த மரத்தை நம்பித்தான் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தனர். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். பட்டையை எவ்வளவு ஆழம் கீறலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஆழம் மிகுந்தால் மரத்துக்குக் காயம் என்பார். சரவாக் காட்டில் பிந்தாங்கோர்ப் பாலெடுத்த செய்தியை முதன்முதலாகப் படித்தபோது, இந்த நுட்பம் நம் வீட்டுப் பெண்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றாயிற்றே என்று எண்ணிக்கொண்டேன்.

மரத்தை நம்பியே இருக்க முடியாதென்று வேதியியலாளர்கள் செயற்கை முறையிலும் முயன்றனர். 1993-இல் கலனோலைடு ஏ ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கப்பட்டது. ஆனால் அதில் ஒரு சிக்கல். நம் வலக்கையும் இடக்கையும் அமைப்பில் ஒன்றுதான். ஆனால் வலக்காற் செருப்பு இடக்காலுக்குப் பொருந்துமா? கலனோலைடும் அப்படித்தான். ஆய்வுக்கூடத்தில் செய்யும்போது வலமும் இடமும் சரிபாதி கலந்து வந்தன. மரமோ ஒருபக்க வடிவத்தை மட்டுமே செய்கிறது. அமெரிக்காவின் மெடிகெம் நிறுவனத்து வேதியியலாளர்கள் இரண்டையும் பிரித்துச் சோதித்து 1996-இல் வெளியிட்டனர். மரம் செய்யும் வடிவத்துக்கு மட்டுமே கிருமியை அடக்கும் ஆற்றல் இருந்தது. அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கு இல்லை. பள்ளிக்கூடம் போகாத மரம் பிழையின்றிச் செய்வதை மனிதர்கள் செய்யப் பல படிகள் தேவைப்பட்டன.

இதெல்லாம் சரி, மரம் யாருடையது?

இந்தக் கேள்வி 1987-இல் பெரிதாக எழவில்லை. அதற்கு முன் நடந்தவற்றைப் பாருங்கள். 1952-இல் போர்னியோவின் உட்பகுதியில் பணியாற்றிய கிறித்துவ மறைப்பணியாளர் ஒருவர் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்திற்கு ஒரு பிடி மண்ணை அனுப்பினார். அம்மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து வேங்கோமைசின் என்னும் நோய்க்கொல்லி பிறந்தது. 1958-இல் அனுமதி பெற்ற அம்மருந்து, மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளை அடக்க இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. மண் கொடுத்த ஊருக்கு என்ன கிடைத்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. நித்தியகல்யாணியின் கதையும் அதே. அதன் தாயகம் மடகாஸ்கர். கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர், நீரிழிவுக்கு நல்லதென்று சொல்லப்பட்ட அதன் இலையை ஆராயப் புகுந்தனர். சர்க்கரை குறையவில்லை, மாறாக, சோதனை விலங்குகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணு மிகுதியால் வரும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்று அவர்கள் சிந்தித்ததன் பயன், வின்பிளாஸ்டின் என்னும் மருந்து. அதே செடியிலிருந்து எலி லில்லி ஆய்வாளர்கள் கண்ட வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முதன்மை மருந்துகளுள் ஒன்று. மடகாஸ்கருக்கு அந்த வருவாயில் பங்கு ஏதும் ஒதுக்கப்படவில்லை.

சரவாக் அப்படி விட்டுவிடவில்லை. 1992-இல் ரியோ நகரில் பல்லுயிர் உடன்படிக்கை உருவாயிற்று. ஒரு நாட்டின் உயிர்வளத்தின்மேல் அந்நாட்டுக்கே உரிமை என்பதை அது ஏற்றது. பிந்தாங்கோர் மாதிரி எடுத்ததோ அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன். ஆயினும் 1994-இல் சரவாக் அரசும் அமெரிக்கக் கழகமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 1996-இல் சரவாக் அரசும் மெடிகெம் நிறுவனமும் சேர்ந்து சரவாக் மெடிகெம் என்னும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 1997-இல் சரவாக் பல்லுயிர் மையச் சட்டம் இயற்றப்பட்டது. அனுமதியின்றி யாரும் ஆய்வுக்காக மாதிரி எடுத்துச் செல்ல முடியாது என்னும் நிலை வந்தது. 2006-இல் அந்தக் கூட்டு நிறுவனம் முழுமையாகச் சரவாக் அரசு சார்ந்த கிராவுன் ஆய்வு நிறுவனத்தின் கைக்கு மாறியது. நடுவண் அரசும் 2017-இல் உயிரியல் வளங்களைப் பெறுதல், அதன் பயனைப் பகிர்தல் தொடர்பான சட்டத்தை நிறைவேற்றியது. 2020 டிசம்பரில் அது நடப்புக்கு வந்தது. ஒரு கிளைக்குச்சிப் பை இத்தனை தாள்களுக்கு வித்திட்டது.

இவ்வளவும் படித்த பிறகு, “அந்த மருந்தின் விலை என்ன?” என்று கேட்பீர்கள். மருந்து இன்னும் வரவில்லை.

ஆம். நலமுள்ள தன்னார்வலர்களுக்குக் கலனோலைடு ஏ கொடுத்துப் பார்த்த முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2001-இல் வெளிவந்தன. தலைச்சுற்றல், தலைவலி, வாய்ச்சுவை மாறுதல் போன்ற சிறு தொல்லைகள் தவிரப் பெரிய தீங்கு காணப்படவில்லை. 2004-இல், காசநோய்க் கிருமியையும் அது ஆய்வுக்கூடத்தில் அடக்குகிறது என்றொரு ஆய்வு வெளிவந்தது. ஆனால், அதே நொதியைத் தடுக்கும் நெவிராபின் 1996-இலும், எஃபாவிரென்ஸ் 1998-இலும் அனுமதி பெற்றுவிட்டன. மருந்து ஆய்வில் இரண்டாவதாக ஓடி வருபவர் முந்தியவரைவிடத் தெளிவாகச் சிறந்தவராக இருந்தால்தான் பெரும் பணம் போட ஆள் கிடைக்கும். முதல் பை கட்டி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் கலனோலைடு எந்நாட்டிலும் அனுமதி பெற்ற எய்ட்ஸ் மருந்தாகவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாணவர்களிடம் வெற்றிக் கதையாகத் திரித்துச் சொல்லவும் கூடாது. “சரவாக் மரம் எய்ட்ஸ் நோயைக் குணப்படுத்துகிறது” என்று எழுதும் மாணவனின் ஏட்டில் நான் சிவப்பு மையால் கோடிடுவேன்.

பிந்தாங்கோர் நமக்கு அயல் மரம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கலோபில்லம் பேரினத்தில் இருநூற்றை நெருங்கும் இனங்கள் உள்ளன. அவற்றுள் கலோபில்லம் இனோபில்லம் என்பது வேறெதுவும் இல்லை. நம் புன்னை மரமே. நெய்தல் நிலத்துப் புன்னை, மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரமாகிய புன்னை! நம் நாட்டுக் கடற்கரைகளில் மலாய்க்காரர்கள் பெனாகா லாவுட் என்று சொல்லும் மரமும் அதுவே. கலோபில்லம் என்பதற்குக் கிரேக்க மொழியில் அழகிய இலை என்று பொருள். புன்னை இலையின் நெருங்கிய இணை நரம்புகளை வெயிலில் பிடித்துப் பார்த்தவர்கள் அப்பெயரை மறுக்க மாட்டார்கள்.

அந்தப் புன்னையும் இவ்வரலாற்றில் ஒரு சிறு வேடம் ஏற்றது. 1993-இல் வேறொரு ஆய்வுக்குழு, எச்.ஐ.வி. நொதியைத் தடுக்கும் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் சோதித்த ஒரு சாறு நல்ல பலன் காட்டியது. எதன் சாறு தெரியுமா? ஆப்பிரிக்கப் பெருநத்தை! மழை பெய்தால் நம் பள்ளித் தோட்டத்துக் கீரைப் பாத்தியை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும் அதே நத்தை. சாற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தவை இனோபில்லம் என்னும் கௌமரின்கள். அவை ஏற்கெனவே மலேசியப் புன்னை மரத்தில் கண்டறியப்பட்டவை. நத்தை தின்ற இலையே காரணமாக இருக்குமென்று எண்ணத் தோன்றுகிறது. உடனே ஆய்வாளர்கள் புன்னைக்குத் திரும்பி மேலும் சில புதிய பொருள்களைக் கண்டெடுத்தனர். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு உணவுச் சங்கிலி நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் ஓர் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

பெற்றோர்களுக்காக ஒன்றைத் தனியே எழுத வேண்டியிருக்கிறது. பெற்றோர் சிலர் இருக்கும் புலனக் குழுவில் நித்தியகல்யாணி இலைச்சாறு பற்றிய செய்தி ஒன்று வந்தது. நீரிழிவுக்கும் புற்றுநோய்க்கும் கைகண்ட மருந்து, நாள்தோறும் வெறும் வயிற்றில் குடிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. “அதிலிருந்துதானே புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள், டீச்சர்?” என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். எடுக்கிறார்கள்தான். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். அப்படி எடுத்த மருந்தை மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து இரத்தக்குழாய் வழியே மட்டுமே செலுத்துவர். இலையிலோ அதைத் தவிர வேறு பல நச்சுப்பொருள்களும் அளவு தெரியாமல் கலந்திருக்கின்றன. எந்தச் செடி, எந்த மண், எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து அந்த அளவும் மாறும் என்பதை லுண்டு மரமே காட்டிவிட்டது. நித்தியகல்யாணி நச்சுச்செடி, அதன் சாற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பாட்டி வைத்தியத்தை நான் பழிப்பதாக எண்ண வேண்டா. இஞ்சியும் மிளகும் ஓமமும் எங்கள் வீட்டு அடுக்களையிலும் உண்டு. சமைத்து உண்டு பழகியது வேறு. புலனத்தில் வந்ததைப் பிழிந்து குடிப்பது வேறு.

ஆசிரிய நண்பர்கள் இதை வகுப்பறைக்கு எப்படிக் கொண்டு செல்வது என்று கேட்கக்கூடும். எங்கள் பள்ளியில் செய்வதைச் சொல்கிறேன். பழைய நாளிதழ்த் தாள்கள், இரண்டு பலகைகள், மேலே வைக்கச் சில கனத்த அகராதிகள் ஆகியவை போதும். பள்ளி வளாகத்துச் செடி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு கொப்பு எடுத்து, தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, இரண்டு வாரம் தாளை மாற்றி மாற்றி உலர்த்த வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு தடித்த அட்டையில் தைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். அழகாக ஒட்டுவதற்கு மதிப்பெண் இல்லை. சீட்டில் உள்ள விவரத்துக்கே மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் எழுதிக் கொடுத்த சீட்டை ஏற்பதில்லை. இவ்வாண்டு வந்தவற்றுள் எனக்குப் பிடித்த சீட்டு, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதியது. தமிழ்ப்பெயர்: நித்தியகல்யாணி. மலாய்ப்பெயர்: கெமுந்திங் சீனா. இடம்: சிற்றுண்டிச் சாலைக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஏழு அடி. மண்: மணல் கலந்தது. உயரம்: என் முழங்கால் வரை. பூ: இளஞ்சிவப்பு, ஐந்து இதழ். குறிப்பு: பக்கத்தில் வெள்ளைப் பூச்செடி ஒன்றும் உள்ளது, அதிலிருந்து எடுக்கவில்லை.